மூன்று லோகேஷ்களில் ஒருவன்

உங்கள் படிவத்தில் இப்போது அந்தக் கட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் முதல் பக்கத்திலேயே, பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் இருந்தது. ‘வேறு பெயர் இருப்பின்’ என்று போட்டு ஒரு விரற்கடை இடம் விட்டிருப்பார்கள். வடசென்னையில் இருபத்தேழு வருஷம் நன்னடத்தை அலுவலராக இருந்தேன். எத்தனையோ பையன்களைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அதைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிவிட்டது, இனி எனக்கு யார் மெமோ கொடுக்கப் போகிறார்கள்?

பயிற்சி வகுப்பில் உங்களிடம் ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேட்டிருப்பார்கள். ஒரே இடத்தில் வளர்ந்து ஒரே தப்பைச் செய்த இரண்டு பையன்களில் ஒருவன் ஏன் அதோடு நிறுத்திக்கொள்கிறான், இன்னொருவன் ஏன் அதிலேயே போகிறான்? நானும் அந்த வகுப்பை எடுத்திருக்கிறேன். பலகையில் கோடு போட்டு, குடும்பம், படிப்பு, கூட்டாளி, வேலை என்று வரிசையாக எழுதுவேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டிருப்பீர்கள். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் அலுவலரின் பேனாவை யாரும் சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை.

லோகேஷுக்கும் பிரவீனுக்கும் அப்போது பதினேழு வயது. தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் ஒரே பிளாக். ஒரே பள்ளிக்கூடம். இரண்டு வீட்டிலும் அப்பா இல்லை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் சுவரோரமாக, காப்பர் கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். வழக்கு சிறார் நீதி வாரியத்துக்கு வந்தது. அவர்கள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டியது என் வேலை.

நான் போனபோது தண்ணீர் லாரி வந்திருந்தது. குடத்தோடு நின்ற பெண்களிடம் லோகேஷ் வீடு எது என்று கேட்டேன். எந்த லோகேஷ் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்த பிளாக்கில் மட்டும் மூன்று லோகேஷ் இருந்தார்கள். கேபிள் திருடிய லோகேஷ் என்று நான் சொல்லக் கூடாது, சொன்னால் பையனின் மானம் போகும். கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு, அம்மா இறால் கம்பெனிக்குப் போகிறவர் என்றேன். உடனே ஒருத்தி, “கத்தி வூடா? மூணாவது மாடி, பச்சக் கதவு” என்று கையைக் காட்டினாள்.

லோகேஷின் அம்மா கஸ்தூரி ராயபுரத்தில் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. மகன் செய்த காரியத்துக்காக முதல் அரை மணி நேரம் அழுதுகொண்டே பேசினார். நான் அந்தப் பட்டப்பெயரைப் பற்றிக் கேட்டதும் அழுகை நின்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொறந்ததுலேர்ந்து ஓயாம கத்திகினே இருப்பான் மேடம். பசிச்சாலும் கத்துவான், பால் குட்ச்சாலும் கத்துவான். கீய் வூட்டு அக்கா கத்தி, கத்தின்னு கூப்ட்டு அதுவே நின்னுட்சி” என்றார். நானும் சிரித்தேன். அப்போது எங்களுக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். வீட்டுக்குப் போய் வந்தீர்களா, இல்லை பஸ்ஸிலேயே உட்கார்ந்து எழுதினீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அவருக்குப் பயந்து நான் ஒரு கட்டத்தையும் விடுவதில்லை. ‘கத்தி’ என்று எழுதினேன். கஸ்தூரி சிரித்த சிரிப்பை எழுத அதில் இடம் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பிரவீன் வீடு பூட்டியிருந்தது. அவனை வளர்த்த அத்தை எண்ணூரில் வேலைக்குப் போயிருந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் யாரும் பிடி கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு நாள் போய் அத்தையைப் பார்த்தேன், ஆனால் அவருக்கு வேலைக்குப் போகிற அவசரம். அவனுடைய படிவத்தில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டு முடித்துவிட்டேன்.

வாரியம் இருவரையும் ஒரு வருஷம் என் கண்காணிப்பில் விட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை அலுவலகத்துக்கு வந்து என்னைப் பார்க்க வேண்டும், அடுத்து வர வேண்டிய தேதியை ஒரு கார்டில் எழுதிக் கொடுப்பேன். லோகேஷ் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பான். வாய் ஓயாது. என் மேஜை மின்விசிறி நின்றுபோனால் அவனே கழற்றி ஏதோ செய்து ஓட வைப்பான். பிரவீன் வாசலைத் தாண்டி உள்ளே வரவே யோசிப்பான். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் தரையைப் பார்த்து. நான்கு தடவை வராமலே விட்டான். இரண்டு பேரில் யார் தேறுவான் என்று என்னைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு லோகேஷ் என்று சொல்லியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நானே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஒரே மாதத்தில் எந்த வண்டிக்கு எந்த நட்டு என்று கடைக்காரரை விட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த வருஷத்தின் நடுவில் ஒரு நாள், பெயர் சொல்ல விரும்பாத ஒரு காவல் நிலையத்திலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். வாரியம் அனுப்பிய அழைப்பாணையை லோகேஷ் வீட்டில் கொடுக்க வேண்டும். மூன்று லோகேஷ் இருக்கிறார்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை மேடம் என்றார். நியாயமான கேள்விதான். வெளியே பத்துப் பதினோரு குடும்பங்கள் காத்திருந்தன. எனக்கு நீதிமன்றத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம். ‘மூன்றாவது மாடி, பச்சைக் கதவு’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. அதற்குப் பதில் கோப்பின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும்படி உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். சிறுவர்களின் கோப்பிலிருந்து ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

வருஷம் முடிந்தது. இருவரும் கண்காணிப்பிலிருந்து விடுபட்டார்கள். லோகேஷ் எனக்கு ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கி வந்தான். பிரவீன் சொல்லிக்கொள்ளாமலே போனான்.

அடுத்த ஆடி மாதம், கோயில் திருவிழாவுக்கு முன்னால் வழக்கம்போல முன்னெச்சரிக்கையாகப் போலீஸார் சிலரைப் பிடித்தார்கள். அந்தப் பட்டியலில் ‘லோகேஷ் என்கிற கத்தி’ என்று இருந்தது. பதினெட்டு முடிந்துவிட்டதால் அவன் இனி சிறுவன் இல்லை. அன்று காலை பதினொரு மணிக்கு இறால் வேலையிலிருந்து அப்படியே எழுந்து கஸ்தூரி என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். சேலையெல்லாம் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கத்தின்னா கத்தி வச்சிகினு சுத்துறவன்னு எய்தி வச்சிகீறாங்க மேடம். நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க ஆபீசரு, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார்.

ஷேர் ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம். அங்கே போய்ச் சொல்ல வேண்டியதும் ஒரே விஷயம்தான். இது அவன் குழந்தையில் கத்தியதற்காக வைத்த பெயர், உங்களிடம் இருக்கக் கூடாத தாளிலிருந்து நீங்கள் எடுத்தது, அந்தத் தாளைக் கொடுத்தது நான். இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தில்தான் என் கால் நின்றுவிட்டது. அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வுக்குப் பெயர் போயிருந்தது. தாள் வெளியே போன விஷயம் தெரிந்தால் அது அப்படியே நிற்கும். முறைப்படி எழுத்து மூலமாகத்தான் போக வேண்டும் அம்மா, இப்போதே எழுதுகிறேன் என்று கஸ்தூரியிடம் சொன்னேன். எழுதவும் செய்தேன். லோகேஷ் நல்ல பையன், ஒழுங்காக வேலைக்குப் போகிறான் என்று ஒன்றரைப் பக்கம், அழகான கடிதம். பெயர் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பூசி மெழுகிவிட்டேன். மேலதிகாரி வழியாகப் போய் அது அங்கே சேர்வதற்குள், ஒரு வருஷத்துக்கு ஒழுங்காக இருப்பேன் என்று லோகேஷிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் ஆனது. இரண்டு முறை போலீஸ்காரர்கள் கடைக்கே போய், கத்தி இருக்கிறானா என்று கேட்டார்கள். மூன்றாவது முறை கேட்பதற்குள் கடைக்காரர் அவனை நிறுத்திவிட்டார்.

உங்களுக்கெல்லாம் நெருக்கடி என்றால் கலவரமும் கத்திக்குத்தும்தான் நினைவுக்கு வரும். நம் வேலையில் நெருக்கடி பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு, ஒரு நனைந்த சேலையோடு வந்து எதிரில் நிற்கும். அப்போது கடிதம் எழுத உட்காராதீர்கள். எழுந்து போங்கள்.

அதன் பிறகு லோகேஷ் எனக்கு அவ்வப்போது போன் செய்வான். “மேடம், லோகேஷ் பேசறேன்” என்றுதான் ஆரம்பிப்பான். வேலை தேடுகிறேன் என்பான். அம்மாவுக்கு முதுகு வலி என்பான். ஒரு முறை மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னான். “வெளியே லோகேஷ்னா எவனுக்கும் தெர்ல மேடம். கத்தின்னா கூப்ட்டு உக்கார வச்சி டீ வாங்கித் தரானுங்கோ” என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் நிலைய வாசலில் அவனோடு வரிசையில் நின்றவர்கள்தான் அந்த டீயை வாங்கித் தந்தவர்கள். அவர்களோடு சேராதே என்று புத்தி சொன்னேன். சரி மேடம் என்றான். வேறு யாரும் அவனை உட்கார வைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்தில் அந்த போன் நின்றுபோனது. கொஞ்ச நாளில் அவன் கையில் நிஜமாகவே கத்தி வந்தது. ஒரு மீன் வியாபாரியின் தோளைக் கிழித்துவிட்டு உள்ளே போனான். அப்புறம் இன்னொரு வழக்கு, அதற்கப்புறம் இன்னொன்று. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லோகேஷ் செய்ததை லோகேஷ்தான் செய்தான். அந்த வியாபாரியால் இன்றைக்கும் ஒரு கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் முன்னால் போய் நின்று, ஒரு பட்டப்பெயரால் வந்த வினை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் என் பங்கு என்னவென்று எனக்குத் தெரியும். அதை வேறு யார் தலையிலும் வைக்க முடியாது.

பதவி உயர்வு வந்தது. அறை மாறியது. போன் நம்பரை மட்டும் நான் மாற்றவில்லை. மகன் எத்தனையோ தடவை புது நம்பர் வாங்கித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்தால் ஏதோ வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆறு வருஷம் இப்படி ஓடியது. எனக்கு அந்தப் பையன் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

போன வருஷம் ராயபுரத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றிலிருந்து யாரோ மேடம் என்று கூப்பிட்டார்கள். முழங்கை வரை கிரீஸோடு ஒரு ஆள் வந்து நின்றான். பிரவீன். எனக்கு அடையாளமே தெரியவில்லை. முதலாளி பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார், பட்டறையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான் என்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். வாசலைத் தாண்டத் தயங்கிய பையன், இப்போது எனக்கு உட்கார இடம் தருகிறான்.

நீ எப்படியப்பா நிறுத்தினாய் என்று கேட்டேன். வகுப்பு எடுத்த புத்தி, எங்கே போகும்? பாய் நல்லவர், அத்தை அடித்துத் திருத்தினார், கல்யாணம் ஆயிற்று என்று ஏதாவது சொல்வான், குறித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான்.

“அன்னிக்கி என்னைத் தேடி வந்தவங்களுக்கு நான் கெடைக்கல மேடம், அம்மாந்தான்” என்றான்.

அந்த ஆடி மாதம் போலீஸ் இருவரையும்தான் தேடி வந்திருக்கிறது. எந்த லோகேஷ் என்று பட்டப்பெயரை வைத்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த பிளாக்கில் பிரவீன்களும் நான்கு பேர். எவன் என்று தெரியாமல் போய்விட்டார்கள். மறுநாளும் அவன், அப்போதுதான் சேர்ந்திருந்த இந்தப் பட்டறைக்கு வழக்கம்போல வேலைக்குப் போனான். பாய் அவனுக்கு ஸ்பேனரைக் கொடுத்தார். பிறகு அவனும் ஒதுங்கி நடந்துகொண்டான், பாயும் விடாமல் பிடித்துக்கொண்டார், எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் நடப்பதற்கு அவனுக்கு ஒரு மறுநாள் கிடைத்திருந்தது.

எனக்கும் பட்டப்பெயர் இருந்தது மேடம் என்று சிரித்தான். சின்ன வயதில் சுருட்டை முடியாம். பிளாக்கில் எல்லாரும் சுருட்டு என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் மட்டும் அதை எழுதியிருந்தால் திருட்டு வழக்குக்கு அந்தப் பெயரே சாட்சி ஆகியிருக்கும் என்றான். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு அந்த இரண்டு வீடுகளும் நினைவுக்கு வந்தன. ஒரு வீடு பூட்டியிருந்தது, ஒரு வீடு திறந்திருந்தது. என் வேலையை ஒழுங்காகச் செய்த வீட்டில்தான் பையன் கெட்டான்.

கிளம்பும்போது, லோகேஷ் இப்போது புழல் ஜெயிலில் இருக்கிறான், ஒரு வாட்டி போய்ப் பாருங்கள் மேடம், உங்களைப் பற்றிக் கேட்டான் என்றான். மாதம் ஒரு தடவை பிரவீன் போய்ப் பார்த்துவிட்டு வருகிறானாம்.

ஒரு வாரம் மென்று முழுங்கிக்கொண்டிருந்துவிட்டு, கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதலில் பேசிவிட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோகேஷ். உடம்பு போட்டிருந்தான், முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது. இன்டர்காமில் ரொம்ப மெதுவாகப் பேசினான். இன்னா மேடம், இளைச்சிட்டீங்க என்றான். நேரம் குறைவு என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். உன் பெயர் எழுதின அந்தத் தாளை ஸ்டேஷனுக்குக் கொடுத்தது நான்தான்டா, அன்றைக்கு உன் அம்மா வந்து கூப்பிட்டபோது அதனால்தான் வரவில்லை என்றேன்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெரியும் மேடம். அன்னிக்கே அந்த ஏட்டு எடுத்துக் காட்னாரு. கார்டுல மாசம் ரெண்டு வாட்டி தேதி எய்திக் குடுப்பீங்களே, உங்க எய்த்து எனக்குத் தெரியாதா” என்றான்.

தெரிந்தும் ஏன்டா என்னைக் கேட்கவில்லை என்றேன்.

“நீங்களே சொல்லுவீங்கன்னுதான் போன் பண்ணிகினே இருந்தேன்.”

நேரம் முடிந்தது என்று அவனை எழுப்பினார்கள். கையை ஆட்டிவிட்டுப் போனான். கைதிகளைப் பார்க்க விடும் அடுத்த மனு நாளைக்கும் போனேன், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு அழைப்பாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். இரண்டு வருஷத்தில் ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறான். “மேடம், லோகேஷ் பேசறேன்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.